பதினாறு

கேள்வியில் வரும் நோயாளிக்குப் பெயர் கிடையாது.
அறுபத்தெட்டு வயது ஆண், சிறுநீர்த் தொற்று,
நேற்றிலிருந்து குழப்பம்.
நான்கு விடைகள். நான்கும் சரிதான்.
எதை முதலில் செய்வாய்?

துலூத் நகர முதியோர் இல்லத்தில்
சலவை அறை உலர்த்தியின் சூட்டின்மேல்
அட்டைகளைப் பரப்புகிறாள் மாரெட் கொஸ்கெலா.
நாற்பத்திரண்டு வயது.
பகலில் வகுப்பு, இரவில் உதவியாள் வேலை.
இரும்புத் தாதுத் துறையில் ஆட்குறைப்பு வந்தபோது
மிஞ்சியது ஒரு ஜோடி எஃகுமுனைக் காலணியும்
எதையும் எண்ணாமல் ஏற்றாத பழக்கமும்.

பச்சை மையில் எழுதியிருக்கிறாள்:
மூச்சு இருபத்திரண்டைத் தொட்டால்.
மேல் அழுத்தம் நூறுக்கு இறங்கினால்.
ஆள் ஆளாக இல்லாவிட்டால்.
மூன்றாவது வரிக்கு எண் இல்லை.
காப்பியும் அதன்மேல்தான் கொட்டியிருந்தது.

மூன்றே முக்கால். பதினொன்றாம் அறை.
ஒர்வல் ஸ்டெனெருட்,
தாதுக் கப்பல்களில் முப்பது வருடச் சமையல்காரர்,
இல்லாத சட்டியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.
"பாலம் தூக்கியாச்சா? இருபது பேர் பசியோட நிக்கறாங்க."

காய்ச்சல் பார்த்தாள். இல்லை.
தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு, இயல்புக்கும் கீழே.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
வயதான உடம்பு புகையாமலே எரியும்.

பதிவேட்டைத் திருப்பினாள்.
இரவு, மூச்சு பதினாறு. மாலை பதினாறு. நேற்றும் பதினாறு.
கையெழுத்து மாறுகிறது, எண் மாறவில்லை,
பதினாறும் பெற்று வாழ்க என்று
ஆளாளுக்கு வாழ்த்திவிட்டுப் போனதுபோல.
யாரும் எண்ணவில்லை.
போன செவ்வாய்க்கிழமை அவளும் எண்ணவில்லை.

இப்போது நின்றாள்.
பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காமல்
மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்தாள்.
இருபத்தெட்டு.
முழங்கால்களில் நீலம் திட்டுத்திட்டாய்.
நகத்தை அழுத்தி விட்டாள்:
வெளுத்த இடத்துக்கு இரத்தம்
வேண்டாவெறுப்பாய்த் திரும்பி வந்தது.
சிறுநீர்ப் பையில் இரவு முழுவதற்கும்
அரைக் கோப்பை, பழைய தேநீர் நிறத்தில்.

"விடியட்டும், டாக்டரிடம் சொல்லலாம்," என்றாள் நர்ஸ் கோலீன்.
மாரெட் வாதாடவில்லை. எண்களைச் சொன்னாள்.
மூச்சு இருபத்தெட்டு.
அழுத்தம் எண்பத்தெட்டுக்கு ஐம்பது.
பிறகு எண் இல்லாததையும் சொன்னாள்:
"என்னைத் தினமும் மார்கரெட் என்று தப்பாகக் கூப்பிடுவார்.
இன்றைக்கு எப்படியும் கூப்பிடவில்லை."
கோலீன் பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் பனிச் சாலையில் மேடேறிப் போயிற்று.
மற்றதெல்லாம் அவள் பார்க்காதவை, அட்டையில் மட்டும் இருப்பவை.
அவர் படுக்கையை உருவிக்கொண்டே முணுமுணுத்தாள்:
லாக்டேட்டுக்கு இரத்தம்.
ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் கல்ச்சர்,
முன்னால்தான், ஆனாலும்
கல்ச்சருக்காக மருந்து காத்து நிற்கக் கூடாது.
கிலோவுக்கு முப்பது மில்லி உப்புநீர்.
அதற்கும் அழுத்தம் எழாவிட்டால் நாரெபினெப்ரின்,
சராசரி அறுபத்தைந்தைத் தொடும்வரை.
ஒரு மணி நேரம்.
தலையணை உறையைக் கழற்றியபோது
அதில் பதினேழு நிமிடம் போயிருந்தது.

பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தார்,
இடது காலில் இரண்டு விரல் குறைந்து.
சூப்பில் உப்பில்லை என்று கிண்ணத்தைத் தள்ளினார்.
"மார்கரெட், இதைச் சமைத்தவனைக் கடலில் தள்ளு," என்றார்.
"அது ஏரி, ஒர்வல்," என்றாள்.
சலவை அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம்
உலர்த்தியில் சாய்ந்து நின்றாள்.

ஜனவரி. தேர்வு அறை. அறுபத்தோராம் கேள்வி.
எழுபத்திரண்டு வயதுப் பெண்,
காய்ச்சல் இல்லை, கைகள் சில்லிட்டிருக்கின்றன,
மகளை அடையாளம் தெரியவில்லை.
எதை முதலில் செய்வாய்?

திரையோரக் கடிகாரத்தைப் பார்த்து
தன் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினாள்.
இருபத்தாறு.
பயம்தான்.
பெயரில்லாத அந்தப் பெண்ணிடம் திரும்பினாள்.